எதுக்கும் ஆவாத சரக்கு

உக்காருங்க அண்ணாச்சி. மொதலாளி சாப்பிடப் போயிருக்காவ. சாப்பிட்டுட்டு ஒரு கண்ணு அசந்துட்டுத்தான் வருவாவ. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

நீங்க கேட்டதுக்கு ஒத்த வார்த்தையில பதில் சொல்லிரலாம். 'சைனாவுல இருந்து வீட்டு அலங்காரச் சாமான் கொஞ்சம் இறக்கலாம்னு இருக்கேன், பிரச்சினை எதும் வருமா?'ன்னு கேட்டீங்கள்லா? ஹார்பர்ல வராது அண்ணாச்சி. ஹார்பர நான் பாத்துக்கிடுவேன். பிரச்சினை குடும்பத்துல வரும். அத சொல்லத்தான் உக்காரச் சொன்னேன்.

எம் பேரு சிவனணைந்தபெருமாள். பெருமாள்னா போதும், முழுசாச் சொல்லி முடிக்கதுக்குள்ள கப்பல் போயிரும். இந்த கிளியரிங் ஆபீஸ்ல சின்ன வயசுல சேந்தேன். பகல்ல ஹார்பருக்கும் கஸ்டம்ஸ் ஆபீசுக்கும் அலைச்சல், சாயங்காலம் ஈவினிங் காலேஜ். அப்படித்தான் பி.காம். முடிச்சேன். பகல்ல படிச்சவனுக்குப் பாடம் தெரியும். சாயங்காலம் படிச்சவனுக்குத் தூக்கத்தையும் அடக்கத் தெரியும்.

நம்ம வேல என்னன்னா, கப்பல்ல வந்து எறங்குற சரக்கு என்ன சரக்குன்னு சொல்றது. சிரிக்காதீங்க. பெட்டியத் தொறந்தா தெரியாதான்னு நெனைப்பீங்க. தெரியாது. கஸ்டம்ஸ்ல ஒரு தடிப் புத்தகம் இருக்கு. உசுரோட உள்ள குதிரையில ஆரம்பிச்சு பழங்காலத்துச் சிலை வரைக்கும் உலகத்துல உள்ள அம்புட்டுப் பொருளுக்கும் அதுல ஒரு எடம் உண்டு. ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வரி. பொருளு தப்பான எடத்துல போய் உக்காந்துட்டா வெளிய வராது.

ஒரு வேல செய்யுற பொருளுன்னா தொல்ல இல்ல. குடம்னா குடம். ரெண்டு மூணு வேல செய்யுற பொருளு வரும் பாத்துக்கிடுங்க, அங்கதான் கத. அப்ப நாம, இதோட முக்கியமான கொணம் எதுன்னு பாக்கணும். எதுனால அது அதுவா இருக்கு? அதக் கண்டுபிடிச்சா பொருளுக்கு எடம் கெடச்சிரும்.

இது பழகிப்போச்சுன்னா விடாது அண்ணாச்சி. எங்க வீட்டுல தேங்கா திருவுற பலகை ஒண்ணு இருக்கு. அதுல உக்காரவும் செய்யலாம், தேங்கா திருவவும் செய்யலாம். ஒரு ஞாயித்துக்கிழம பூரா அதையே பாத்துட்டு இருந்துட்டு, "ஏட்டி ராஜகனி, இது நாற்காலி வகையா, கத்தி வகையா, நீ என்ன சொல்லுத?"ன்னு கேட்டேன். எம் பொஞ்சாதி அடுப்படியில இருந்து, "வீட்டுல தேங்கா இல்ல. மொதல்ல அத வாங்கிட்டு வாங்க"ன்னா. அவளுக்கு இந்த மாதிரி விசயத்துல ஈடுபாடு கம்மி.

சரி, கதைக்கு வாரேன். ராஜகனிக்குக் கூடப் பொறந்தது ஒரே ஒரு தம்பி. சுயம்புலிங்கம். கோவில்பட்டியில பாத்திரக்கடை. தாத்தா காலத்துல இருந்து பித்தள, எவர்சில்வர்னு எட போட்டு வித்த குடும்பம். தாம்பாளத்தத் தூக்கிப் பாத்தே எம்புட்டு கிலோன்னு சொல்லிருவாரு எங்க மாமனாரு. போன வருசம் அந்தச் சுயம்புக்கு ஒரு ஆச வந்துச்சு. கோவில்பட்டி யாவாரிங்க நாலு பேரு சேந்து சைனாவுக்குப் போனாங்க, இவனும் கூடப் போனான். போனவன் சும்மா வரல. ஒரு சாமானத் துணியில சுத்தி, பச்சப்பிள்ளையத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்தான்.

என்ன சாமான்னா, சொவத்துல மாட்டுற ஒரு வீடு. பிளாஸ்டிக்தான், ஆனா மரம் மாதிரி பெயிண்ட்டு. வீட்டு நெத்தியில ஒரு கடியாரம். உள்ள ஒரு பல்பு. கூரையில இருந்து தண்ணி ஒழுகி ஒரு சக்கரத்தச் சுத்தும், அதுக்கு அடியில ஒரு மோட்டாரு. வாசல்ல ஒரு பெஞ்சு, அதுல ஒரு வெள்ளைக்காரப் பையனும் பொண்ணும். ரெண்டு பேரு கழுத்துலயும் ஸ்பிரிங்கு. தலைய ஆட்டிக்கிட்டே இருப்பாங்க.

மாமியா வீட்டுக் கூடத்துல வச்சுத்தான் மொதல்ல காட்டுனான். எல்லாரும் சுத்தி நிக்கோம். எங்க அத்த, அதான் எம் மாமியா, கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் கீழ இருந்து மேல பாத்தா, மேல இருந்து கீழ பாத்தா.

"ஏலே, இதுல என்னத்த ஊத்திக் குடிக்க?"

"குடிக்கதுக்கு இல்லம்மா. பாக்கதுக்கு."

"பாத்தாச்சு. இப்ப?"

அவனுக்கு மொகம் சுருங்கிப்போச்சு. என்னத் தனியாக் கூட்டிட்டுப் போனான். "அத்தான், நம்ம குடும்பத்துல யாராவது ஒருத்தன் அழகுக்குன்னு ஒரு சரக்கு எடுத்திருக்கானா? எல்லாம் எட, எட, எட. நாந்தான் மொத மொதல்ல மனசுக்குப் பிடிச்சு ஒண்ண எடுக்கேன். ஒரு கண்டெய்னர் சொல்லிட்டேன். நீருதான் வெளிய எடுத்துத் தரணும்"ன்னான். "சரக்கு வித்துத்தான் எம் மருமவ முத்தரசிக்குத் தோடு. தை மாசம் எம் மடியில வச்சுக் காது குத்துதோம்."

முத்தரசி எம் மவ. எங்க பக்கத்துல தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்துவாங்க. உங்க பக்கமும் அப்படித்தான? மடியும் அவன் மடி, தோடும் அவன் தோடு. இருக்கிறது ஒரே மாமன். ஆக, கண்டெய்னர் வெளிய வந்தாத்தான் பிள்ளைக்குக் காதுல தோடு. இத நீங்க மறக்காம மனசுல வச்சுக்கிடணும்.

"மாப்ள, சரக்க நான் எடுத்துத் தாரேன்"ன்னு கையில அடிச்சேன். அந்தச் சாம்பிள எனக்கே குடுத்துட்டான். எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியாச்சு.

ஆடி மாசம் கண்டெய்னர் வந்து எறங்குச்சு. 'அலங்காரச் சாமான்'னு எழுதிக் குடுத்தேன். பெட்டியத் தொறந்து பாத்த கஸ்டம்ஸ் அப்ரைசரு, அதான் சரக்க மதிப்புப் போடுறவரு, சேலத்துக்காரரு. நல்ல மனுசன், ஆனா எதையும் ஸ்விட்ச்சுல சொருகிப் பாக்காம விடமாட்டாரு. சொருகுனாரு. பல்பு எரிஞ்சிச்சு.

"எரியுதே பெருமாள். அப்ப இது விளக்கு."

"சார், எரியுறதெல்லாம் வெளக்குன்னா அடுப்பு கூடத்தான் எரியுது."

"அடுப்பா இது? அப்ப அடுப்புன்னே எழுதிரவா?"

அவருகிட்ட ஜோக்கு அடிக்கக் கூடாதுன்னு அன்னைக்குப் படிச்சிக்கிட்டேன். வெளக்குன்னு எழுதிட்டாரு. வெளக்குன்னா என்ன விசயம்னு கேளுங்க. கரண்ட்டு வெளக்குன்னா தரச் சான்று வேணும். சுயம்புகிட்ட அது இல்ல. அவன் அழகப் பாத்தானே ஒழிய, வெளக்கப் பாக்கல. சான்று இல்லன்னா சரக்கு வந்த வழியில திரும்பிப் போகணும். கடியாரம்னு சொல்லலாம்னா, அது இன்னொரு எடம், இன்னொரு சண்ட. அலங்காரச் சாமான்னு நின்னாத்தான் வரியக் கட்டிட்டு அன்னைக்கே லாரியில ஏத்தலாம்.

மேல ஆபீசரு முன்னால நேர்ல பேசச் சொல்லி விசாரணைக்கு நாள் குடுத்தாங்க. மொதலாளி, "உங்க வீட்டுச் சரக்கு, நீயே பேசு"ன்னுட்டாவ. நான் யோசிச்சேன். உக்காந்து யோசிச்சேன். சாமானுக்கு நாலு வேல இருக்கு. மணி காட்டுது, வெளிச்சம் குடுக்குது, தண்ணி விடுது, தல ஆட்டுது. இதுல ஒவ்வொண்ணா எடுத்து, இந்த வேலைக்கு இது லாயக்கில்ல, அந்த வேலைக்கும் லாயக்கில்லன்னு அடிச்சுட்டு வந்தா, கடைசியில என்ன மிஞ்சும்? அலங்காரம். பிரயோசனமே இல்லாத பொருளு அலங்காரமாத்தான இருக்க முடியும்? எப்படி யோசனை? ஈவினிங் காலேஜ்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கல அண்ணாச்சி. தானா வந்தது.

வீட்டுல உள்ளதத்தான் ஆதாரமாப் பிடிச்சேன். தெனமும் சாப்பிட உக்காரும்போது ராஜகனிகிட்ட, "இன்னைக்கு அத என்னத்துக்குப் பயன்படுத்துன?"ன்னு கேப்பேன்.

"கரப்பான் ஒளிஞ்சிக்கிடுறதுக்குப் பயன்படுது"ன்னா ஒரு நாளு. இன்னொரு நாளு, "சொவத்தப் பாத்தீங்களா? வீட்டுக்குள்ள ஒரு ஒழுகுற வீட்டக் கொண்டாந்து மாட்டிருக்கீங்க. பெயிண்ட்டு பூரா உப்பிப் போச்சு"ன்னு திட்டுனா. கடியாரம் ஓடும், ஆனா அதுக்குப் பிடிச்ச வேகத்துல ஓடும். பல்பு எரியுதா இல்லையான்னு டார்ச்சு அடிச்சுத்தான் பாக்கணும். அந்த வெள்ளைக்காரப் பையன் தல ஒரு நாளு கழண்டு விழுந்துச்சு. ராஜகனி பசையப் போட்டு ஒட்டுனா, பின்பக்கமா ஒட்டிட்டா. பொண்ணு இங்க பாத்துத் தல ஆட்டுது, அவன் சொவத்தப் பாத்து ஆட்டுதான்.

எனக்கு ஒவ்வொண்ணும் கேக்கக் கேக்க சந்தோசம். கேஸ் வலுவாகுதுல்லா?

விசாரணைக்கு சுயம்பு வெள்ளச் சட்ட போட்டு, திருநீறு பூசி, காலையிலயே வந்துட்டான். "நீயும் வாக்கா"ன்னு ராஜகனியையும் இழுத்துட்டு வந்தான். பிள்ளைய அத்தகிட்ட விட்டுட்டு அவளும் வந்தா. ஆபீசரு ஒரு அம்மா. கோயம்புத்தூர்ப் பக்கம். மேசையில நம்ம வீட்டுச் சாம்பிள வச்சேன். அப்ரைசரு ஒரு பக்கம், நாங்க மூணு பேரும் ஒரு பக்கம்.

நான் எந்திரிச்சேன். "மேடம், மொதல்ல ரூம் லைட்ட அணைக்கணும்"ன்னேன். அணைச்சாங்க. சன்னல் திரையையும் இழுத்து விட்டேன். சாமான்ல பல்பப் போட்டுட்டு, அன்னைக்குப் பேப்பர அவங்க கையில குடுத்து, "இந்த வெளிச்சத்துல ஒரு எழுத்து படிங்க மேடம்"ன்னேன். அவங்க பேப்பரத் தூக்கிப் பாத்தாங்க, சாச்சுப் பாத்தாங்க. "பேப்பரே தெரியலீங்களே"ன்னாங்க.

"வெளக்குன்னா வெளிச்சம் வேணும்லா மேடம்?"

லைட்டப் போட்டோம். "மேடம், இந்தக் கடியாரத்துல மணி என்ன?" "மூணு இருவது." "உங்க வாட்ச்சுல?" "பதினொண்ணே கால்." அப்படியே நின்னேன். சில எடத்துல நிக்கிறதுதான் பேச்சு.

அடுத்து தண்ணி. மோட்டாரப் போட்டேன். கூரையில இருந்து எறங்குன தண்ணி சக்கரத்துல விழல, நேராப் போய் அப்ரைசரு ஃபைல்ல விழுந்துச்சு. "ஐயோ ஐயோ"ன்னு அவரு ஃபைலத் தூக்கி ஒதறுதாரு, பியூன் துணியக் கொண்டுட்டு ஓடி வாரான். "நீர்வீழ்ச்சின்னு சொல்லவும் வழி இல்ல மேடம், நீங்களே பாத்துட்டீங்க"ன்னேன். தல ஆட்டுற பையனையும் காட்டுனேன். "இவன் எங்க பாக்கான்னு பாருங்க மேடம். இந்த மாதிரி ஒரு பொருளு எதுக்காவது ஆகுமா? ஒரு மனுசன் புத்தியோட இருந்தா இத ஒரு உபயோகத்துக்குன்னு வாங்குவானா?"ன்னு கேட்டேன்.

திரும்பி சுயம்புவப் பாத்தேன். மூஞ்சி பூரா வேர்த்து, சட்ட நனைஞ்சு, தரையப் பாத்துட்டு உக்காந்திருந்தான். சந்தோசம் கூடுனா மனுசனுக்கு அப்படி வேர்க்கும்னு அன்னைக்குத்தான் அண்ணாச்சி பாத்தேன்.

அப்ரைசரு விடல. "மேடம், இவரு கிளியரிங் ஆளு, எப்படி வேணும்னாலும் பேசுவாரு. வீட்டுல இருக்கறவங்க இத விளக்குன்னுதான் சொல்வாங்க"ன்னாரு. மேடம் ராஜகனியப் பாத்து, "உங்க வீட்டுலதான் இது மாட்டியிருக்குதுங்களா? நீங்க சொல்லுங்கம்மா, இது எதுக்கு ஆகுது?"ன்னு கேட்டாங்க.

அவளுக்கு நான் எதுவும் சொல்லி வைக்கல. ராஜகனி எந்திரிச்சா. தம்பிய ஒரு பார்வ பாத்தா, சாமான ஒரு பார்வ பாத்தா.

"எதுக்கும் ஆவாது மேடம். சும்மா தொங்குது. தொடைக்கதுக்கு ஒரு வேல, அம்புட்டுத்தான். ஆனா கழட்டிப் போட மனசு வரல. தம்பி ஆசப்பட்டு எடுத்ததுல்லா. அது இல்லாம அந்தச் சொவத்தப் பாத்தா மொட்டையா இருக்கும்னு இப்பத் தோணுது." உக்காரப் போனவ திரும்பி, "எங்க வீட்டுல இது மாதிரி இன்னொண்ணும் இருக்கு மேடம். அதுவும் எதுக்கும் ஆவாது. அதையும் கழட்டல"ன்னா.

மேடம் சிரிச்சாங்க பாருங்க! என்னப் பாத்துக்கிட்டே சிரிக்காங்க. அப்ரைசரு கூடச் சிரிச்சிட்டாரு. அவ எதச் சொன்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஷோகேஸ்ல ஒரு மண் மான் இருக்கு, கொம்பு ஒடிஞ்சது. அதச் சொல்லியிருப்பா.

ஜெயிச்சாச்சு. அலங்காரச் சாமான்தான்னு ஆர்டர் வந்துட்டு. சரக்கு வெளிய வந்து லாரி ஏறிட்டு. இதுக்கு மேல ஒரு மச்சினனுக்கு ஒரு அத்தான் என்னய்யா செய்ய முடியும்? ஆனா நான் அதோட நிக்கல. ஆர்டரு இங்கிலீஷ்ல இருந்துச்சு. சுயம்புக்கு இங்கிலீஷ் அம்புட்டாத் தெரியாது. அவன் முழு சந்தோசத்தையும் அனுபவிக்கணும்லா? நானே ஒக்காந்து தமிழ்ல எழுதிக்கிட்டு, பஸ் ஏறி, கோவில்பட்டிக்கு நேரா கடைக்கே போயிட்டேன்.

சாயங்கால நேரம். கடையில நல்ல கூட்டம். கண்ணாடி அலமாரி பூரா அந்த வீடுதான், வரிசையா தல ஆட்டிக்கிட்டு இருக்கு. "எல்லாரும் கேளுங்க"ன்னு சொல்லிட்டு சத்தமா வாசிச்சேன். "இப்பொருள் நேரம் காட்டுவதற்கோ வெளிச்சம் தருவதற்கோ தகுதியற்றது. இதனால் எவருக்கும் எவ்விதப் பயனும் இல்லை என்பது ஐயமின்றி நிரூபிக்கப்பட்டது..."

பக்கத்துக் கடலமிட்டாய்க் கட அய்யாத்துர எட்டிப் பாத்தாரு. "ஏ சுயம்பு, கவர்மெண்டே முத்திரை குத்திக் குடுத்துட்டானா? நாங்க சொன்னப்ப நம்ப மாட்டேன்னியே!"

கட பூரா சிரிப்பு. "அத்தான், போதும்"ன்னான் சுயம்பு.

"இன்னும் ரெண்டு பாரா இருக்கு மாப்ள. நல்ல பாராவே இனிமத்தான்"ன்னேன்.

வாங்க வந்த ஒரு பொம்பள சாமானக் கீழ வச்சிட்டு எவர்சில்வர் பக்கம் போயிட்டா. எனக்கு அதுல வருத்தமில்ல, கடை ஒண்ணுதான.

அன்னையில இருந்து அவன் எங்கிட்டப் பேசல. போன் அடிச்சா எடுக்கல. வேற யாராவது எடுத்து, "மொதலாளி வெளிய போயிருக்காவ"ம்பான். பின்னால சுயம்பு எட போடச் சொல்லுற சத்தம் கேக்கும். சரக்கு விக்காமப் போச்சோன்னு நெனச்சீங்கன்னா, அதுவும் இல்ல. ஐப்பசி, கார்த்திகை கல்யாணத்துல அம்புட்டும் வித்துப்போச்சு. தன் வீட்டுக்கு ஒருத்தன் வாங்கல. அடுத்தவன் கல்யாணத்துக்குக் குடுக்க எல்லாரும் வாங்குனாங்க. அலங்காரச் சாமான்ங்கறதுக்கு இத விட என்ன ஆதாரம் வேணும்?

தை மாசம் நெருங்குச்சு. கோயில்ல சொல்லியாச்சு, பத்திரிகையும் அடிக்கணும். தாய்மாமன் பேரப் போடலாமா கூடாதான்னு தெரியல. அத்தகிட்டக் கேட்டேன். அத்த, "அவன் என்ன சொல்லுதான்னா மருமவனே, 'எதுக்கும் ஆவாதவன் மடி எதுக்கு? அத்தான ஹார்பர்ல நல்ல மடியாப் பாத்து எறக்கிக்கிடச் சொல்லு'ங்கான்"ன்னா.

ராஜகனிக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கான், அவன் மடியில வச்சுக்கிடலாமேன்னு அவகிட்டச் சொன்னேன். தப்பா? ரெண்டும் ஒரே வகைதான? சோத்துக் கரண்டியக் கீழ வச்சா அவ. "எம் பிள்ளைக்கு எங்கூடப்பொறந்தவன் மடி இருக்கையில இன்னொருத்தன் மடி வேண்டாம். அவன் வரலன்னா காது குத்து இல்ல. அவ மூளிக் காதோட வளரட்டும். கேக்குறவங்களுக்கு நீங்க பதில் சொல்லுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. அன்னைக்கு அவ அழுதா. சத்தமில்லாம அழுதா. அது எனக்குத் தாங்கல அண்ணாச்சி, அதச் சொல்லணும்.

மறுநாளே லீவு போட்டுட்டுக் கோவில்பட்டிக்குப் போனேன். சுயம்பு கல்லாவுல இருந்தான். நிமிந்து பாக்கல. நான் ஒரு பித்தளக் குடத்து மேல உக்காந்துக்கிட்டு, மனசுல உள்ளத அப்படியே சொன்னேன்.

"மாப்ள, நீ எதுக்கு சங்கடப்படுத? நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். காது குத்தது ஆசாரி. பிள்ளைய அமுக்கிப் பிடிக்கது உங்கம்மா. சாப்பாட்டுச் செலவு நான். யோசிச்சுப் பாத்தா தாய்மாமன் மடிக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. நீ சும்மா வந்து உக்காந்தாப் போதும். அது ஒரு அலங்காரத்துக்குத்தான்."

நல்லபடியாத்தான சொன்னேன்? எம்புட்டு எளிசா ஆக்கிக் குடுக்கேன் பாருங்க. அவன் என்ன ஒரு மாதிரி பாத்தான். எந்திரிச்சான். நானும் பின்னாலயே வர, வெளிய வந்து ஷட்டர இழுத்து மூடிட்டுப் போயிட்டான். சாப்பாட்டுக்குப் போறான் போலன்னு வாசல்ல நின்னேன். மணி பத்தரைதான் இருக்கும். அய்யாத்துர கடலமிட்டாய் ஒண்ணு குடுத்து, "ஊருக்குக் கெளம்பும் பெருமாளு"ன்னாரு.

அதுக்கு அப்புறம் ராஜகனி தனியாப் போனா. போயிட்டு வந்து, "வருவான்"ன்னு ஒத்த வார்த்த. என்ன சொல்லி வர வச்சன்னு கேட்டா, "நீங்க அன்னைக்கு வாயத் தொறக்கக் கூடாது. அதான் பேச்சு. தொறந்தா பிள்ளைய எறக்கி விட்டுட்டுப் போயிருவான்"ன்னா.

அத்தகிட்டக் கிண்டிக் கேட்டுத்தான் விசயம் தெரிஞ்சிச்சு. அவ தம்பிகிட்ட, 'அந்த மனுசன் பேச்ச நான் தெனமும் கேட்டுட்டு இருக்கேன்டா. எனக்காக நீ ஒரு நாளு கேக்க மாட்டியா'ன்னாளாம். கேட்டுட்டு எனக்குக் கண்ணு கலங்கிட்டு. புருசன் பேச்சத் தெனமும் கேக்கேன்னு பெருமையாச் சொல்லுற பொம்பள இந்தக் காலத்துல யாரு இருக்கா?

காது குத்து அன்னைக்கு வந்துட்டான். தட்டு, சீரு, பட்டுப்பாவாட, எல்லாம் கொறையில்லாம. தோடு செவப்புக்கல் வச்சது, கண்ணப் பறிக்குது. எங்க அத்த கையில வாங்குன ஒடன தூக்கிப் பாத்தா, எட பாக்காளாம். "எடையப் பாக்காதம்மா, தோட்டப் பாரு"ன்னான் சுயம்பு. அவ பாத்தா. "நல்லாத்தாம்ல இருக்கு"ன்னா. அவன் மூஞ்சியில அப்ப ஒரு வெளிச்சம் வந்துச்சு. எனக்கு அந்த எடத்துல சொல்லதுக்கு ரொம்ப நல்ல வார்த்த ஒண்ணு வந்துச்சு. ராஜகனி என்னப் பாத்தா. முழுங்கிட்டேன்.

கோயில் மண்டபத்துல ஜமக்காளம் விரிச்சு, சுயம்பு சம்மணம் போட்டு உக்காந்தான். பிள்ள மடியில. மொதல்ல மாமன் மீசையப் பிடிச்சு இழுத்து வெளையாடிட்டு இருந்துச்சு. ஆசாரியப் பாத்த ஒடன வீல்னு கத்துது. அத்த தலையப் பிடிக்கா, கையப் பிடிக்கா, ஒண்ணும் முடியல. சுயம்பு பிள்ளையக் கட்டிப் பிடிச்சு, நெஞ்சோட அமுக்கி, காதுக்குள்ள என்னமோ சொன்னான் பாருங்க. பிள்ள விம்மிக்கிட்டே அடங்கிட்டு. ஆசாரி ஊசிய எடுத்தாரு. இவனுக்கும் கண்ணுல தண்ணி கொட்டுது. மாமனும் மருமவளும் ஒரே சுருதியில அழுதாங்க.

நான் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தேன். தகப்பன்லா. வாயத் தொறக்கல, சத்தியமாத் தொறக்கல. குனிஞ்சு பாத்தேன், அம்புட்டுத்தான்.

அப்ப சுயம்பு தலையத் தூக்கி, நேரா எம் மூஞ்சியப் பாத்து, அஞ்சாறு மாசத்துக்கு அப்புறம் மொத மொதல்ல, "வெளிச்சத்த மறச்சிட்டு ஏன்யா நிக்கீரு? அங்கிட்டுத் தள்ளி நில்லும்!"ன்னான்.

நான் தள்ளி நின்னேன். ஊசி எறங்குச்சு. ரெண்டு காதுலயும் தோடு ஏறிட்டு.

இப்ப நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. அவன் பேசிட்டானா இல்லையா? அதுல ஒரு அதட்டல் இருக்குதான், இல்லங்கல. கோவமும் இருக்கு. ஆனா மொத்தமாப் பாக்கணும். மூஞ்சியப் பாத்து, வாயத் தொறந்து, எனக்குன்னு சொன்னது. அப்ப முக்கியமான கொணம் என்ன? பேச்சு. பேச்சுன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். ராஜகனி ஒத்துக்கிட மாட்டேங்கா. அது பேச்சு இல்லையாம், ஏச்சாம். நான் எம்புட்டோ வெளக்கிட்டேன், கேக்கல. அவங்க அம்மாகிட்ட அப்பீல் போயிருக்கா.

அத்த இன்னும் தீர்ப்பு சொல்லல.